ஓரத்துப் பேனல்

தம்பி வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியதும் பெரியவன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினான். திருடப் போகிறோம் என்ற கூச்சம் துளிகூட இல்லை. வயிறு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

கரண்டுக் கம்பி எட்டிப் பார்க்காத தெரு அது. ஒரே வீடு, நடுவில் குறுக்குச் சுவர். மாடியில் அண்ணனுக்கு நாலு சோலார் பேனல், தையல்காரத் தம்பிக்கு நாலு. வேறு வேறு கம்பெனி, வேறு வேறு பவர். பார்வைக்கு எட்டுப் பேனலும் ஒரே ஜாடை.

ஒரு வாரமாக மத்தியானம் ஆனால் அண்ணன் வீட்டு ஃப்ரிட்ஜ் நின்றுவிடுகிறது. அதற்குள் இருப்பது மகளுக்குப் போடும் இன்சுலின்.

"ஓரத்துப் பேனல் பட்டுப் போச்சு. சூடு ஏறினதும் அது மத்த மூணையும் சேத்துக் கீழ இழுக்குது," என்றார் மெக்கானிக். "அத மாத்துங்க."

முந்தின நாள் வெட்கத்தை விட்டு, ஒரு பேனலை மாற்றித் தரக் கேட்டுத் தம்பியிடம் போய் நின்றான்.

"என் பேனலை உன் லைன்ல சேத்தா, அதுவும் உன்னுது அளவுக்குத்தான் குடுக்கும்," என்றான் தம்பி, தலையைத் தூக்காமல். "உன் சோப்ளாங்கிய என் லைன்ல மாட்டிட்டா என் தையல் மிஷின் எப்படி ஓடும்? உன் தாத்தா வந்து மிதிப்பாரா?"

"உனக்கும் அவர்தாண்டா தாத்தா."

"இருக்கட்டும். போய் வேலையப் பாரு."

கூடப் பிறந்தவன் பேசுகிற பேச்சா இது? மகள் ஊசிக்குக் கையை நீட்டும்போதெல்லாம் அந்தப் பேச்சு பெரியவன் காதில் குடைந்தது.

நட்டுகள் வருஷக்கணக்கில் மழை குடித்தவை; முரண்டு பிடிக்கும் என்று எண்ணெய் கொண்டுவந்திருந்தான். தேவைப்படவில்லை. விரலால் திருகியதுமே கழன்றன. பின்னால் ஒட்டியிருந்த சீட்டெல்லாம் வெயிலில் வெளுத்துக் கிடந்தது, படித்துப் பார்க்க அவனுக்குப் பொறுமையும் இல்லை. தன் ஓரத்துப் பேனலைத் தம்பி வரிசையில் மாட்டினான், தம்பியின் ஓரத்துப் பேனலைத் தன் வரிசையில். முடிந்தது கதை.

மத்தியானம் ஃப்ரிட்ஜ் மறுபடி நின்றது.

"உள்ள எல்லாம் சூடாயிடுச்சு," என்றாள் மனைவி. "இந்த மருந்தும் கெட்டா நாளைக்குப் புள்ளைக்கு எதைப் போடுவீங்க?"

சாயங்காலம் தம்பி பூட்டைத் திறப்பதற்குள் பெரியவன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

"ஏண்டா, இந்தக் குப்பையை வச்சுக்கிட்டா எனக்குத் தரமாட்டேன்னு அவ்வளவு பிகு பண்ணின?"

"எந்தக் குப்பை?"

"உன் பேனல்தான். ஆமா, கழட்டினேன். என் புள்ளைக்காகக் கழட்டினேன். போ, எவன்கிட்ட வேணா போய்ச் சொல்லு. இனிமே நீ எனக்குத் தம்பியும் இல்ல, நான் உனக்கு அண்ணனும் இல்ல."

தம்பி மாடியை அண்ணாந்து பார்த்தான்.

"எதைக் கழட்டின?"

"ஓரத்துல இருந்ததை."

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அது உன்னுதுதாண்ணே. விடியக்காலையிலயே என்னுதை உனக்கு மாட்டிட்டேன்."