கஜனியின் கதிரை

“கஜனி!”

பயிற்சி அதிகாரி ஜெயராஜ் வகுப்பில் பெயர் கூப்பிட்டார். முன்வரிசையில் ஒரு கதிரை காலி. அதன்மேல் புதுத் தொப்பி.

ஜெயராஜே அந்தக் கதிரையைப் பார்த்து, “ம்... இருக்காங்க” என்று அடுத்த பெயருக்குப் போனார். பின்சுவரோரம் கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

நிரோஷா அந்தத் தொப்பியை எட்டிப் பார்த்தாள். வத்தேகம மிளகாய்த்தூள் ஆலையில் அவள் புதுசு. வகுப்பு முடிந்தால்தான் வேலை நிரந்தரம்.

“யாரு ராத்தா கஜனி?” பக்கத்திலிருந்த றலியாவிடம் கேட்டாள்.

“மெல்லப் பேசு தங்கச்சி. போன மாசம் அரைக்கிற மெஷின் பெல்ட்டுல பின்னல் சிக்கிச் செத்த புள்ள. வந்த அன்டைக்கே மெஷின்ல விட்டுட்டாங்க. அப்ப வகுப்புமில்ல, முடிய மூடத் தொப்பியுமில்ல. அவட அம்மா, மஹய்யாவயில இருக்கிற வடிவம்மா, நட்டஈடு கேட்டு அலையிறா.”

“செத்த பிறகு பேர் கூப்பிட்டு என்னா மரியாதை வேண்டிக் கிடக்கு? நான் கேக்கத்தான் போறேன்!”

கேட்கவில்லை. தேநீர் வந்தபோது அந்தக் கதிரைக்கும் ஒரு கோப்பை வைத்தார் ஜெயராஜ். அவள் மனசு இளகிவிட்டது.

தினமும் அதே பெயர், அதே காலிக் கதிரை, அதே “இருக்காங்க.” ஒருநாள் மின்விசிறி ஓடாமலே தொப்பி அசைந்தது போலிருந்தது.

கடைசி நாள் ஜெயராஜ் அவளைத் தனியே அழைத்தார்.

“தொப்பியைப் போட்டுக்கிட்டு அந்தக் கதிரைல உட்காருங்க. கேமராவுக்கு முதுகு தெரிஞ்சாப் போதும்.”

“நானா? ஏன் சேர்?”

“வடிவம்மா கேஸ் நாளைக்கு விசாரணைக்கு வருது. பயிற்சி கொடுத்தோம், கஜனிதான் கவனிக்கலன்னு காட்டணும்ல? பேர் கூப்பிட்டதெல்லாம் பதிவாயிடுச்சு, அவ சாகுறதுக்கு முந்தின தேதி போட்டுடலாம். ஆள்தான் குறை. பின்னால இருந்து பார்த்தா நீங்களும் அவளும் ஒண்ணுதான்.” சிரித்தார். “உங்க வேலை இன்னைக்கே நிரந்தரம், போங்க.”

தொப்பி ஈரத்துணி போலச் சில்லென்றிருந்தது. உட்கார்ந்தாள். பின்வரிசையில் றலியாவின் ஃபோனும் படம் பிடிக்க மெல்ல உயர்ந்தது.

“கஜனி!”

நிரோஷா மெதுவாகத் திரும்பி, கேமராவை நேருக்கு நேர் பார்த்தாள். வாயிலிருந்து வந்த குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

“எனக்கு ஒருத்தரும் ஒண்ணுமே சொல்லித் தரல சேர்.”