கீறல் விழாத நுண்ணோக்கி

அரசுப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு ஓர் அறக்கட்டளை நுண்ணோக்கியும் உலக உருண்டையும் வாங்கிக் கொடுத்தது. நுண்ணோக்கி விலை அதிகம் என்பதால் அதைக் கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். உருண்டை வகுப்புக்குப் போனது.

அறக்கட்டளைக்காரர் பார்வையிட வரும் நாளில் உருண்டையைக் கொண்டுவந்து பீரோவுக்கு எதிரே மேசையில் வைத்தார்கள்.

"என்ன கோலம் இது? உன்மேல இந்தியாவையே காணோமே!" என்றது நுண்ணோக்கி.

"பிள்ளைங்க விரல் வச்சு வச்சு அழிஞ்சுபோச்சு. நீ யாருக்காவது எதையாவது காட்டினியா?"

"எனக்கு ஒரு கீறல்கூட இல்லை, தெரியுமா?"

வந்தவர் உருண்டையைப் பார்த்து முகம் சுளித்தார். "பொருளை இப்படியா பாழாக்குவீங்க, டீச்சர்?" பீரோவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "பொறுப்புன்னா இதுதான். இன்னொண்ணு அனுப்பச் சொல்றேன்."

உருண்டைக்கு மாற்று வரவில்லை. புது நுண்ணோக்கி வந்து பழையதன் பக்கத்தில் உட்கார்ந்தது.

"அண்ணே, நமக்கு இங்கே என்ன வேலை?"

"ஆயுத பூஜைக்கு வெளியே எடுப்பாங்க. சந்தனம், குங்குமம் வைப்பாங்க."

"எங்கே வைப்பாங்க?"

"நேரா கண்ணுலதான்," என்றது பழையது, பெருமையாக.