காருக்கும் ஒரு இடம்

"வீடு பிடிச்சிருக்கு. ஆனா எங்ககிட்ட காரே இல்லையே! பார்க்கிங்கை எடுத்துட்டு விலையைக் குறைங்க. எங்களுக்குக் கட்டுப்படியாகும்" என்றார் கணவர்.

"முடியாது சார். வீட்டுக்கு ஒரு பார்க்கிங் கட்டாயம்னு நகராட்சி உத்தரவு" என்றார் பில்டர்.

"எந்த அதிமேதாவி போட்ட உத்தரவு இது? ஏம்மா, நீயும் ரெண்டு வார்த்தை கேளேன்!"

மனைவி ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பில்டர் உத்தரவின் நகலை நீட்டினார். கீழே, நகரமைப்பு அதிகாரியின் கையெழுத்து. கணவர் உற்றுப் பார்த்தார். இன்று காலை மகனின் மார்க் ஷீட்டில், பெற்றோர் கையெழுத்திடும் இடத்தில் பார்த்த அதே கையெழுத்து!

மனைவி திரும்பினாள்.

"என்னை ஏன் முறைக்கிறீங்க? நான் இந்த உத்தரவு போட்ட வருஷம் கண்டிப்பா கார் வாங்கிடலாம்னு சொன்னது யாரு?"