பழைய துறை

வெள்ளத்துக்குப் பயந்து ஆற்றை ஊருக்கு வெளியே திருப்பிவிட்டார்கள். அந்தச் செக் கிராமத்தின் நடுவில் பழைய தடம் மட்டும் புல் மண்டிக் கிடந்தது. தேவாலயம் அக்கரையில், ஓட்டாகரின் வீடு இக்கரையில். ஞாயிறுதோறும் அவர் கரையில் நின்று குரல் கொடுப்பார். முன்பு படகோட்டிய லுட்மிலா, துடுப்பைத் தோளில் சாய்த்தபடி புல்லில் நடந்து வருவாள். அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் போவார். நடுவில் வந்ததும் அவள் பாவாடையைச் சற்றுத் தூக்கிக்கொள்வாள்.

அன்று தேவாலய மணி லுட்மிலாவின் சாவுக்கு அடித்தது. ஓட்டாகர் கறுப்புக் கோட்டு அணிந்து கரையிலேயே நின்றிருந்தார்.

"பெட்டிய மூடப் போறாங்க, நடந்து வாங்க. வெறும் புல்லுதானே" என்று அக்கரையிலிருந்து அவள் மகன் கூப்பிட்டான்.

"எனக்கு நீச்சல் தெரியாதுப்பா" என்றார்.