பிச்சமுத்து நினைவுக் கோப்பை

உறையூர் மைதானத்தில் மாலை வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருக்கிறது. பந்தலில் மாலை போட்ட ஒரு படம். கண்ணாடியில் சந்தனப் பொட்டு, கீழே ஊதுவத்தி. படத்தில் இருப்பவர் சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆடும் பிச்சமுத்து. படத்தின் எதிரில் நிற்பவரும் அவரே. நெஞ்சில் நீர் கோத்து மலை ஆஸ்பத்திரியில் எட்டு மாதம் கிடந்துவிட்டு இன்றுதான் திரும்பியிருக்கிறார். அதற்குள், அவர் இறந்துவிட்டதாக லால்குடி ரயிலில் யாரோ சொன்ன பேச்சை நம்பி, கிளப் காரியதரிசி ஸ்ரீரங்கத்து ராஜகோபாலன் அவர் பேரில் கோப்பையே ஏற்படுத்திவிட்டார்.

"நீரை வடிச்சிட்டாங்க சார். ஆடலாம்னு டாக்டரே சொல்லிட்டார். இன்னைக்கு ஆடலைன்னா என் இடத்துல வேற ஆளைப் போட்டுடுவீங்க."

காரியதரிசி ஜரிகை அங்கவஸ்திரத்தைச் சரிசெய்கிறார். அவர் பார்வை பிச்சமுத்துவின் தோளைத் தாண்டிப் போகிறது. "உன் நினைவுக் கோப்பையில நீயே ஆடினா நன்னாவா இருக்கும்? இரங்கல் தீர்மானம் ஏகமனதா நிறைவேறியாச்சுப்பா. கலெக்டர் துரை வேற வந்து உக்காந்துட்டார்."

பிச்சமுத்து பந்தை எடுத்துக்கொண்டு ஆடுகளத்தில் இறங்குகிறார். பந்து தரையில் படும் சத்தம் மட்டும் கேட்கிறது. கூட ஆடியவர்கள் யாரும் மறிக்கவில்லை. முகத்தைப் பார்க்காமல் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். எறிகிறார். பந்து வளையத்தைத் தொடாமல் வலைக்குள் நழுவி விழுகிறது. கைதட்டல் இல்லை. காரியதரிசி அச்சடித்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்துக் கையை உயர்த்துகிறார். துரை தொப்பியைக் கழற்றுகிறார். முந்நூறு பேரும் எழுந்து, தலை குனிந்து, மௌனமாக நிற்கிறார்கள். பிச்சமுத்து சுற்றிலும் பார்க்கிறார். பிறகு அவரும் தலை குனிகிறார்.