இரண்டு நிறக் காகிதப்பூ

"அப்படியே நில்லுங்க! கையில என்ன?"

பல் டாக்டர் பனியனோடு வாசலுக்கு ஓடி வந்தார்.

கையும் களவுமாகப் பிடிபட்ட கண்டக்டரம்மா ஓடவில்லை. ஒடித்ததை முதுகுக்குப் பின்னால் மறைக்கவும் இல்லை.

"பார்த்தா தெரியலையா? காகிதப்பூக் கிளை. ஒரு சாண் இருக்கும்."

"யாரைக் கேட்டு ஒடிச்சீங்க?"

"கேட்டா கொடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன்!"

"அதான் கேட்கல."

பஸ்ஸில் முப்பது வருஷம் டிக்கெட் கிழித்த கை அது; வாயும் அதே பஸ்ஸில் பழகியதுதான். ரிட்டையர் ஆனதிலிருந்து காலை ஆறு மணிக்கு அடுக்குமாடியிலிருந்து இறங்கி, இந்தத் தெருவை ஒரு சுற்று சுற்றுவார். உட்கார்ந்தால் முட்டி பிடித்துக்கொள்ளும் என்பது ஊருக்குச் சொல்வது. உண்மைக் காரணம் பூ. பனி விலகிச் செடிகள் துளிர்க்க ஆரம்பித்துவிட்டால் அவருக்கு வீட்டில் கால் தரிக்காது.

வீட்டுக்கு ஒரு ஸ்டாப். டீச்சர் வீட்டு ரோஜாவில் புதிதாக எத்தனை மொட்டு, மூலை வீட்டு மல்லி பந்தலைத் தொட்டுவிட்டதா என்று நின்று பார்த்துவிட்டு, "ரைட்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நகர்வார்.

இன்றைக்குப் பல் டாக்டர் வீட்டு ஸ்டாப்பில்தான் வினை.

சத்தம் கேட்டுத் தெருச் சங்கத்துச் செக்ரட்டரி பாதி சவரத்தோடு வந்தார். எதிர்வீட்டு டீச்சரும் வந்தாள்.

"கேமராவுல எல்லாம் பதிவாகியிருக்கு சார்" என்று டாக்டர் குதித்தார். "இது சாதாரணச் செடி இல்ல. ஒரே கொத்துல வெள்ளையும் ரோஸும்! நர்சரியில சொல்லி வெச்சு, எங்கேயிருந்தோ வரவழைச்சது. சுத்துவட்டாரத்துல வேற யார் வீட்டுலயும் கிடையாது."

"யார் வீட்டுலயுமா?" என்றார் கண்டக்டரம்மா.

"கிடையவே கிடையாது!"

"ஆமாங்க" என்றாள் வாசற்படியில் நின்ற டாக்டரின் மனைவி, முகமெல்லாம் பெருமையோடு. "இவர் குழந்தை மாதிரி வளர்க்கிறாரு. தண்ணிகூட என்னை ஊத்த விடமாட்டாரு."

கண்டக்டரம்மா டாக்டரை ஏற இறங்கப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

டீச்சர் கெஞ்சினாள். "அக்கா, ஒரு மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடுங்களேன். விஷயம் முடிஞ்சுடும்."

"மன்னிப்பா? முப்பது வருஷத்துல டிப்போ மேனேஜரே என்கிட்ட அதை வாங்கினதில்ல டீச்சர்."

செக்ரட்டரிக்கு முகத்தில் சோப்பு காய்ந்துகொண்டிருந்தது. சட்டென்று தீர்ப்பைச் சொன்னார்.

"அப்படின்னா நாளையிலிருந்து தெருமுனை கேட்டைப் பூட்டிடுவோம். அடுக்குமாடிக்காரங்களை உள்ளே விடுறதே எங்க பெரிய மனசு."

அது சுருக்கென்று தைத்தது. அந்தச் சின்ன கேட் இல்லாவிட்டால் நடப்பதற்கு மெயின் ரோடுதான். அங்கே பூக்கிறதெல்லாம் லாரிப் புகை. அடுத்த வசந்தத்துக்கு முட்டி ஒத்துழைக்குமோ என்னவோ, யார் கண்டது? ஆனாலும் கண்டக்டரம்மாவின் குரல் இறங்கவில்லை.

"தாராளமாப் பூட்டுங்க சார். பக்கத்துச் சுவர் என் இடுப்பு உயரம்தான். ஏறிக் குதிச்சாவது வருவேன்."

செக்ரட்டரி தலையில் அடித்துக்கொண்டு மீதிச் சவரத்துக்குப் போனார். டீச்சருக்கு அடுப்பில் பால். டாக்டரின் மனைவியும் உள்ளே போய்விட்டாள்.

டாக்டருக்கு மட்டும் இன்னும் ஆறவில்லை. "வயசுக்கு மரியாதை கொடுத்து விடுறேன். இல்லேன்னா இந்தத் திருட்டுக்குப் போலீஸுக்கே போயிருப்பேன், தெரியுமா?"

கண்டக்டரம்மா கம்பி கேட்டின் அருகே வந்தார். முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"போகலாம், வாங்க. நானும் ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கு. எங்க அடுக்குமாடி வாசல்ல சிமென்ட் தொட்டியில ஒரு காகிதப்பூ இருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் கையால வெச்சது. ஒரே கொத்துல வெள்ளையும் ரோஸும்."

டாக்டரின் கை தாழ்ப்பாளிலேயே நின்றது.

"அவர் போய் நாலு வருஷமாச்சு. போன மழையில தொட்டியில தண்ணி தேங்கி, செடியும் வேரழுகிப் போயிடுச்சு. ரெண்டு நாள் நான் சாப்பிடல. அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, அதுல ஒரு கிளை தப்பிச்சுப் போயிருக்கேன்னு."

"தப்பிச்சா?"

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம், இதே மாசம். காலங்காத்தால தொப்பி போட்ட ஒருத்தர் வந்தார். இப்படியும் அப்படியும் பார்த்தார். ஒரு கிளையை ஒடிச்சு ஸ்வெட்டருக்குள்ள செருகிக்கிட்டு ஓட்டமும் நடையுமாப் போனார். நான் மாடியில நின்னு பல் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன்."

டாக்டர் மெதுவாகத் திரும்பி, மனைவி உள்ளேதான் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டார். பல் பிடுங்க உட்காருகிறவர்களின் முகம் எப்படி இருக்குமோ, அவர் முகம் இப்போது அப்படி இருந்தது.

"அப்பவே... ஒரு சத்தம் போட்டிருக்கலாமே?"

"விசில் வாய் வரைக்கும் வந்துச்சு. பூவுக்கு ஆசைப்பட்டு வந்தவராச்சேன்னு விட்டுட்டேன்."

கண்டக்டரம்மா கிளையைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த ஸ்டாப்பைப் பார்த்துத் திரும்பினார்.

"டிக்கெட் இல்லாம ஏறினவரை அன்னிக்கே இறக்கி விட்டிருந்தா, இன்னிக்கு எங்க வீட்டுக்காரர் செடி எனக்கு ஏது டாக்டர்? கேட்டைப் பூட்டச் சொல்லிடாதீங்க, நாளைக்கும் ஆறு மணிக்கு வருவேன்... ரைட்!"