ரெண்டு சுழி, மூணு சுழி

போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அவர் கொல்லைப்பக்கம் வந்தார்.

கூடத்தில் அழுகைச் சத்தம். அங்கே நின்றால் ஒன்றும் கேட்காது.

"அண்ணாச்சி, பிரஸ்ல இருந்து தங்கப்பழம் பேசுதேன். டீச்சர் போஸ்டர் ரெடியாயிட்டு. போட்டோ நல்லா வந்திருக்கு. ஒரு எழுத்துதான் இடிக்கு."

"எந்த எழுத்து?"

"கணக்கு சார் ஒரு வரி சொல்லிட்டுப் போனாருல்லா, 'ஆற்றொ'ன்னு ஆரம்பிச்சு 'துயருடன்'னு முடியும். 'ஆற்றொ' வரைக்கும் அடிச்சிட்டேன். அடுத்த எழுத்துக்கு ரெண்டு சுழியா, மூணு சுழியா?"

ஆற்ற முடியாத துயரம் என்று அர்த்தமாம். கணக்கு வாத்தியார் எங்கோ கேட்டதைச் சொல்லிவிட்டு மாலை வாங்கப் போய்விட்டார்.

அவருக்குத் தெரியவில்லை.

காலமெல்லாம் மாவு மில் ஓட்டியவர். மாவின் பதம் விரலுக்குத் தெரியும். எழுத்து விஷயத்தில் அவர் சுத்த சூன்யம். தெரிந்துகொள்ள அவசியமும் வந்ததில்லை. வீட்டிலேயே டீச்சர் இருந்தாள்.

அவள் முதன்முதலாக மில்லுக்கு வந்தது பச்சரிசி திரிக்க. மாற்றலாகி வந்திருந்த புதுத் தமிழ் டீச்சர். தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு வாசல் பலகையை நிமிர்ந்து பார்த்தாள்.

'இங்கு மிளகாய் அறைக்கப்படும்.'

"பாவம், அது என்ன தப்பு பண்ணிச்சு? ஏன் அறையுதீங்க?"

அவருக்கு விளங்கவே இல்லை. மில்லில் நின்ற பெண்களுக்கு விளங்கிவிட்டது. அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மறுநாள் பலகையில் பெரிய ற போய்ச் சின்ன ர வந்தது.

அடுத்த தையில் கல்யாணம்.

கட்டிய பிறகும் அவருக்கு அவள் டீச்சர்தான். பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு வந்ததில்லை.

மிளகாய் வற்றல் திரித்த நாளெல்லாம் கண்ணெரிச்சலோடு வீடு திரும்புவார். அவள் விடைத்தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டு, வெள்ளரிக்காய் அரிந்து அவர் கண்மேல் வைப்பாள். வைத்த கையோடு, அன்றைக்குக் கடைத்தெருவில் பிடித்த பிழைகளைச் சொல்லிச் சிரிப்பாள். பாதி அவருக்குப் புரியாது. புரிந்த மாதிரி சிரிப்பார்.

மகளுக்கு எழுத்து வந்ததும் மில் தரையில்தான். சிந்திக் கிடந்த மாவைக் கையால் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதவைத்தாள். நப்பின்னை தும்மித் தும்மி எழுதினாள்.

நப்பின்னை இப்போது புனேயில் இருக்கிறாள். இங்கிலீஷில் படிப்பு, இங்கிலீஷில் வேலை. காலை விமானத்தில் வந்தவள், அம்மாவின் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிடக்கிறாள். அவளை உலுக்கி இதைக் கேட்க முடியுமா?

தப்பாகப் போய்விடக் கூடாது. அது ஒன்றுதான் அவர் மனதில் ஓடியது.

சாவுப் போஸ்டரில் பிழை கண்டால் அவள் நடுத்தெருவில் நின்றுவிடுவாள். செத்தவன் எந்திரிச்சு வந்தா திருத்தப்போறான்னு ஒரு தைரியம் என்பாள். பிறகு நேரே பிரஸ்ஸுக்குப் போவாள். அவள் வகுப்பில் படித்த தங்கப்பழம் எழுந்து நின்று திட்டு வாங்கிக்கொள்வான். அதிலிருந்துதான், கல்யாணமோ காதுகுத்தோ, சந்தேகம் வந்தால் அவன் இந்த நம்பருக்கு அடிக்கத் தொடங்கினான்.

சாயங்காலம் எடுக்கிறார்கள். அதற்குள் ஊரெல்லாம் ஒட்டியாக வேண்டும். சுவருக்குச் சுவர் அவள் முகத்துக்குக் கீழே அந்த எழுத்து நிற்கும்.

உள்ளங்கையில் விரலால் எழுதிப் பார்த்தார்.

ரெண்டு சுழி போட்டார். சரியாகத்தான் இருந்தது.

மூணு சுழி போட்டார். அதுவும் சரியாகத்தான் இருந்தது.

"அண்ணாச்சி, இருக்கியளா?"

"இருக்கேன். கொஞ்சம் பொறு. டீச்சர்ட்ட கேட்டுச் சொல்லுதேன்."

"சரி அண்ணாச்சி. கேளுங்க. லைன்லயே இருக்கேன்."

அவர் உள்ளே நடந்தார்.

அடுக்களையைத் தாண்டிவிட்டார். கூடத்து நிலைப்படியில் கை வைத்த பிறகுதான் பெட்டி கண்ணில் பட்டது.

கண்ணாடிக்கு அடியில் படுத்திருந்தாள்.

கூட்டம் அவருக்கு வழி விட்டது.

அவர் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. போனில் அந்தப் பக்கம் தங்கப்பழம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அண்ணாச்சி... என்னமோ ஞாபகத்துல... நானும் சரின்னு சொல்லிட்டேன்."

அவர் மறுபடி கொல்லைக்கே வந்தார். துவைகல்லில் உட்கார்ந்தார். எழுபதை நெருங்கும் மனிதருக்கு ஒரு எழுத்து தெரியவில்லை. தெரிந்தவளிடம் கேட்க இனி வழியில்லை.

"தங்கப்பழம்."

"சொல்லுங்க."

"பாதிப் போஸ்டர்ல ரெண்டு சுழி போட்டிரு. பாதியில மூணு சுழி போட்டிரு."

"அண்ணாச்சி?"

"பாதியாவது சரியா இருக்கும்லா."

பிரஸ்ஸில் மிஷின் ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் அவளைச் சுமந்த தேருக்குப் பின்னால் அவர் நடந்தார்.

கடைத்தெரு நெடுக ஒட்டியிருந்தார்கள். பசை இன்னும் காயவில்லை. அவர் ஒவ்வொரு சுவராகப் பார்த்துக்கொண்டே போனார். முதலில் எழுத்தை, பிறகு அவள் முகத்தை. ஏதாவது தெரிகிறதா என்று.

ரெண்டு சுழிக்கு மேலும், மூணு சுழிக்கு மேலும், அவள் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள்.